பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் உப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் பொங்கோல் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினாராம். அதன் அடியில் இருக்கும் இரும்புக் கீலுக்கு விலை உயர்ந்த பெயின்ட்டாகப் பார்த்து அடித்தாராம். பதினொரு மாதத்தில் எல்லாம் கொப்புளம் கொப்புளமாக உப்பிவிட்டது, இப்போது வருகிற பெயின்ட் எதிலும் சரக்கு இல்லை என்று வருத்தப்பட்டிருந்தார். நம் ஆட்களில் பாய்மரப் படகு வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்கு முதலில் சந்தோஷம். அப்புறம் கடிதத்தை இரண்டாவது முறை படித்தேன். பழியைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறார் என்று பட்டது.

நான் 1983-ல் இங்கே சிங்கப்பூரில், செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பிளாஸ்டிங், அதாவது மணல் பீய்ச்சித் துரு நீக்கும் வேலையில், உதவியாளாகச் சேர்ந்தேன். பிறகு பெயின்டர், கடைசிப் பதினைந்து வருடம் ஃபோர்மேன். 2019-ல் ஓய்வு. 36 வருடம் நான் பார்த்ததெல்லாம் இரும்பு, உப்பு, பெயின்ட் மூன்றும்தான். பெயின்ட் கம்பெனிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் நண்பர் தான் செய்த வேலையை வரிசையாக எழுதியிருக்கிறார்: கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், கிரைண்டர் போட்டார், இரும்பு பளபளவென்று ஆனதும் தின்னரால் துடைத்தார், அன்று மாலையே பிரைமர் அடித்தார். இதில் தண்ணீர் எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். உப்பளத்துக்குப் போய் வரும் சைக்கிள் எத்தனை நாள் உழைக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றமாட்டார். குளத்தங்கரையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மட்கார்டின் உள்பக்கம், செயின், ஸ்போக்ஸ் முளைக்கிற இடம் என்று நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். பழைய லுங்கியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் எண்ணெய் தொடுவார். பக்கத்து வீட்டு மாமா கழுவமாட்டார், நேரே எண்ணெயைத் தடவுவார். எண்ணெய் அப்பாவைவிட இரண்டு மடங்கு தடவுவார். இரண்டு வருடத்தில் அவர் சைக்கிள் மட்கார்டு பொரித்த அப்பளம் மாதிரி உடைந்து விழுந்தது. "எண்ணெய் சைக்கிளைக் காப்பாத்தல, உப்பைக் காப்பாத்திடுச்சு" என்று அப்பா சொல்வார். பட்டறையில் எனக்கு எத்தனையோ வகுப்பு எடுத்தார்கள், அந்த ஒரு வரிக்கு மேல் யாரும் புதிதாகச் சொல்லவில்லை.

படகு பழக்கம் இல்லாத வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாரும் கீல் என்றுதான் சொல்கிறோம். எங்கள் ஊரில் ஏரா என்போம். ஆனால் அது நாட்டுப் படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாகக் கிடக்கும் கட்டை. இந்தச் சின்னப் பாய்மரப் படகின் கீல் வேறு. படகின் வயிற்றுக்குக் கீழே மீனின் துடுப்பு மாதிரி தொங்கும் கனத்த உலோகத் துண்டு அது. காற்று பாயை ஒரு பக்கம் தள்ளும்போது படகு கவிழாமல் இழுத்துப் பிடிப்பது அதன் எடைதான். ஈயத்தில் வார்த்தால் துருத் தொல்லை கிடையாது, ஆனால் விலை கடிக்கும். அதனால் சின்னப் படகுகள் பலவற்றுக்கு வார்ப்பிரும்புதான்.

கொப்புளத்தைக் குத்தினால் பழுப்புத் தண்ணீர் வந்தது என்று நண்பர் எழுதியிருக்கிறார். அந்தத் தண்ணீர் ஏதோ ஓட்டை வழியாகப் போனதில்லை. எந்தப் பெயின்ட்டும், எவ்வளவு விலை கொடுத்தாலும், கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உள்ளே விடத்தான் செய்யும். அடியில் உப்பு இல்லையென்றால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்புப் பிசறிய மாங்காய்த் துண்டு மறுநாள் காலையில் ஜாடியில் தண்ணீர் விட்டு நிற்கிறதே, அதே கதை. உள்ளே சேர்ந்த உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடத்துக்காகப் பெயின்ட்டை மேலே தள்ளுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வருடக்கணக்கில் அதில் நின்ற இரும்பின் ஒவ்வொரு குழியின் அடியிலும் உப்பு போய் உட்கார்ந்திருக்கும். தின்னரில் எண்ணெய்ப் பிசுக்கு போகும், உப்பு கரையாது. நல்ல தண்ணீரில்தான் கரையும்.

இன்னொன்று, அந்தப் பளபளப்பு. கம்பி பிரஷ்ஷைச் சுழலவிட்டால் துரு போவது மாதிரி இருக்கும். உண்மையில் மிச்சத் துருவையே பாலிஷ் போட்டு வைத்திருப்போம். பெயின்ட் பிடிக்க இரும்பு சொரசொரவென்று இருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் 'இரண்டரை' என்று ஒரு வார்த்தை உண்டு. மணல் பீய்ச்சி இரும்பைக் கிட்டத்தட்ட வெள்ளையாக்கும் தரத்துக்கு எஸ்.ஏ. இரண்டரை என்று பெயர், அதன் சுருக்கம். சோறு சாப்பிடும்போதுகூட "உன் டேங்க் இரண்டரை ஆயிடுச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். படகுக் கழகங்களில் தூசி பறக்கும் என்று பிளாஸ்டிங் செய்ய விடமாட்டார்கள். அதனால் கையால்தான் அந்த இடத்துக்குக் கிட்டே போக வேண்டும். போக முடியும், பொறுமை இருந்தால்.

போன வருடம் பிப்ரவரியில், மழை குறைவான மாதமாகப் பார்த்து, ஒரு நண்பரின் படகை எடுத்தோம். அவர் சீனர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சாங்கிப் பக்கம் நிறுத்தியிருக்கிறார். 23 அடிப் படகு, அரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே கீல். அதற்கு முன்னால் இரண்டு தடவை ஒரு பட்டறையில் கொடுத்து அடித்திருந்தார். இரண்டு தடவையும் பொங்கோல் நண்பருக்கு நடந்ததேதான் நடந்தது.

முதல் நாள் சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு கீல் முழுக்கத் தட்டினேன். நல்ல இரும்பு 'டங்' என்கும். செதில் ஏறிய இடம் 'டொக்' என்கும். 'டொக்' என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். கடைசியில் வட்டம் போடாத இடம்தான் குறைவாக இருந்தது. பின்விளிம்புக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் பேனாக்கத்தி மூன்று மில்லிமீட்டர் உள்ளே இறங்கியது. விரலில் பென்சில் தூள் மாதிரி கறுப்பாக ஒட்டியது. படகுக்காரரான பள்ளி ஆசிரியர் பயந்துவிட்டார். அது கிராஃபைட். வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில் செதிலாகக் கலந்திருக்கும். இரும்பு அரித்துப் போனாலும் கிராஃபைட் அதே உருவத்தில் நின்றுவிடும். பார்த்தால் முழுசாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதன் மேல் எதை அடித்தாலும் நிற்காது. கெட்டி இரும்பு வரும் வரை சுரண்டி எடுத்துவிட வேண்டும். எடுத்தோம்.

செதிலுக்கு நீடில் கன் வைத்தோம். காற்றில் ஓடும், முனையில் கம்பிக் கட்டு படபடவென்று கொத்தும். குழிக்குள் போவதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. பிறகு பிரஷர் குழாயில் நல்ல தண்ணீர். அன்று சாயங்காலம் பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவன் பார்க்க வந்தான். இப்போது பிளாஸ்டிங் வேலையில் இருக்கிறான். பார்க்க மட்டும்தான் வந்தான். அவன் பெர்மிட்டுக்கு வேறு இடத்தில் கைவைத்தால் சட்டச் சிக்கல், அதோடு கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் அவனைத் தூசியில் நிறுத்த எனக்கு மனம் வராது. கீலைச் சுற்றி ஒரு நடை வந்தான். "அண்ணே, காலையில இது அழும் பாருங்க" என்றான்.

காலையில் போய்ப் பார்த்தால் அழுதுதான் இருந்தது. சுற்றிலும் இரும்பு காய்ந்து ஆரஞ்சு நிறப் பொடி பூத்திருக்க, குழிகளில் மட்டும் கறுப்பாக ஈரப் பொட்டுகள். உப்பு எங்கெங்கே மிச்சம் இருக்கிறது என்று இரும்பே புள்ளி வைத்துக் காட்டிய மாதிரி. பட்டறையில் இதற்குக் கருவி இருந்தது. சின்ன ரப்பர் ஒட்டு ஒன்றை இரும்பில் ஒட்டி, ஊசியால் சுத்தமான தண்ணீரை உள்ளே விட்டு, திரும்ப இழுத்து, எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று மீட்டரில் பார்ப்போம். பிரெஸ்லே பேட்ச் என்று பெயர். வீட்டுக்காரருக்கு அந்தச் செலவு வேண்டாம். சிங்கப்பூரின் ஈர இரவு ஒன்று போதும், உப்பு இருந்தால் காலையில் காட்டிக்கொடுத்துவிடும். அழுத குழிகளை மறுபடி கொத்தினோம், மறுபடி கழுவினோம். மறுநாள் பாதி அழுதது. அதற்கு மறுநாள் நாலைந்து இடம். ஐந்தாம் நாள் வறண்டிருந்தது. பொடி பூத்தது மட்டும்தான் மிச்சம், அதைப் பற்றிக் கவலை இல்லை.

அடிக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பர் மாலையில் பிரைமர் அடித்திருக்கிறார். வெயில் தாழ்ந்தால் இங்கே காற்றில் ஈரம் ஏறும். காலை எட்டு மணியும் சரிப்படாது. அரை டன் இரும்பு இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும், காற்று சூடான பிறகும் அது மெதுவாகத்தான் சூடாகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மாதிரி வியர்க்கும், அந்த வியர்வை கண்ணுக்குத் தெரியாது. பட்டறை விதி இதுதான்: காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் கூடாது, இரும்பின் சூடு பனி படியும் அளவைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்களுக்குப் பழைய பெயின்டர்கள் வழி ஒன்று உண்டு. ஈரத் துணியால் இரும்பில் ஓரிடத்தைத் துடைத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்தால் அடிக்கலாம். காயாமல் மினுமினுத்துக்கொண்டிருந்தால் காப்பி குடிக்கப் போய்விடுங்கள். நாங்கள் பதினொரு மணிக்கு மேல்தான் டப்பாவைத் திறந்தோம். அதற்கு முன் கொரகொரப்பான டிஸ்க்கை ஒரு ஓட்டு ஓட்டி, தூசியைத் தட்டி, அந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் கோட்டு.

முதல் கோட்டு இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி. டப்பாவில் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் இளக்கி, குழிகளுக்குள் பிரஷ்ஷால் குத்திக் குத்தி. ரோலர் குழியை மேலோடு மூடிக்கொண்டு போய்விடும். பிறகு எபாக்ஸி மக்கு, தேய்ப்பு, மறுபடி கோட்டு. மொத்தம் ஐந்து. காய்ந்த பிறகு 350 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கூர்மையான விளிம்பில் பெயின்ட் தங்காது, விலகி ஓடும். விளிம்பை உருட்டிவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் விளிம்புக்கு மட்டும் தனியாக ஒரு இழுப்பு இழுக்க வேண்டும்.

கடிதத்தின் கீழே நீங்கள் 'துரு மாற்றி திரவம் பூசிவிட்டு அடிக்கலாம்' என்று குறிப்புப் போட்டிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும். அந்தத் திரவம் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். நம் கடுக்காயில் இருக்கும் துவர்ப்பும் அந்தக் குடும்பம்தான். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தானே அந்தக் காலத்தில் கறுப்பு மை காய்ச்சினார்கள், கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றியதும் அதே சேர்க்கைதான். துருவின் மேல் பூசினால் அதனால்தான் கறுப்பாகிறது. வீட்டு இரும்புக் கதவுக்கு அது சரி. வருடம் முழுக்கக் கடலுக்குள் நிற்கும் இரும்பில் எபாக்ஸிக்கு அடியில் நான் அதை வைக்கமாட்டேன். அது துருவின் நிறத்தை மாற்றும், குழியில் இருக்கும் உப்பை என்ன செய்யும்?

நண்பர் சொல்லாமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில்தான் சந்தேகம் அதிகம்: கட்டை. படகைக் கரையில் ஏற்றினால் கீல் மரக்கட்டைகளின் மேல்தான் நிற்கும். கட்டை தொடும் இடத்தில் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. அங்கே இரும்பு வெறுமனே கடலுக்குப் போகும், துரு அந்த ஓரத்திலிருந்து பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்து மேலே வரும். பள்ளி ஆசிரியரின் படகில் அந்தப் பழைய பட்டறை கட்டையை நகர்த்தவே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு சதுரம், அளவெடுத்து வெட்டிய மாதிரி அப்படியே தெரிந்தது. படகை வாரில் தூக்கிக் கட்டையை மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் கிரேன்காரர் முகம் சுளிப்பார். காப்பி வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான்.

பாசி பிடிக்காமல் இருக்க மேலே அடிக்கும் பெயின்ட்டில் பெரும்பாலும் செம்பு இருக்கும். முன்பு தகரக் கலவை வந்தது, சிப்பி எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் கடலையே கெடுத்தது. 2008-லிருந்து உலக அளவில் தடை. செம்பும் இரும்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டால் இரும்புதான் கரையும். எனவே இடையில் எபாக்ஸி முழுசாக, கீறல் இல்லாமல் இருந்தாக வேண்டும். கடைசி எபாக்ஸி கோட்டு விரலுக்கு ஒட்டும், ஆனால் விரலோடு வராது என்ற பதத்தில் இருக்கும்போதே செம்புப் பெயின்ட்டை ஏற்றினால் இரண்டும் நன்றாகக் கவ்விக்கொள்ளும்.

அப்புறம் துத்தநாகக் கட்டி. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'அழகாக இருக்கட்டும் என்று அதற்கும் இரண்டு கோட்டு அடித்தேன்' என்று எழுதியிருக்கிறார். துத்தநாகம் அங்கே இருப்பதே கரைவதற்காக. இரும்புக்குப் பதில் தான் கரைந்து அதைக் காப்பாற்றும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் வெறும் பாரம். கட்டிக்கும் கீலுக்கும் நடுவே உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். மல்டிமீட்டர் வைத்தால் ஓம் கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். 1824-ல் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காப்பாற்ற இப்படித்தான் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப் பார்த்தார். செம்பு கரையவில்லை. செம்பு கரையாததால் சிப்பிக்கும் பாசிக்கும் ஏக கொண்டாட்டம், மேலே ஏறி உட்கார்ந்து கப்பலின் வேகத்தையே குறைத்துவிட்டன. பாவம் மனிதர், கணக்குச் சரியாகப் போட்டும் திட்டு வாங்கினார்.

கீலும் படகின் வயிறும் சேரும் கோட்டில் பழுப்பு நிறத்தில் கண்ணீர்த் தாரை மாதிரி இறங்கியிருந்தால் அது பெயின்டர் வேலை இல்லை. உள்ளே கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குத் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். படகைத் தண்ணீரில் இறக்காமல், படகைச் சோதிக்கும் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

பள்ளி ஆசிரியரின் படகை இந்த பிப்ரவரியில் மறுபடி கரையில் ஏற்றினோம். ஒரு வருடம் முழுக்கத் தண்ணீரில் நின்றிருக்கிறது. சிப்பியைச் சுரண்டிக் கழுவிய பிறகு டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இரண்டு கொப்புளம், ஐந்து காசு அளவு. இரண்டும் பின்பக்கக் கட்டை இருந்த இடத்தில். போன வருடம் கட்டையை மாற்றி வைத்த அன்று மழை மேகம் கூடியதால் கிரேன்காரர் அவசரப்படுத்தினார், நானும் அந்த இடத்தை ஒரே தடவை கழுவிவிட்டு அடித்துவிட்டேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஃபோர்மேன் நான்தானே.

படகு இன்னும் இரண்டு வாரம் கரையில்தான் நிற்கும். அந்த இரண்டு இடத்தையும் சுரண்டித் திறந்து வைத்திருக்கிறேன், இன்று காலையில் ஒன்று காய்ந்திருந்தது, இன்னொன்று அழுகிறது. பொங்கோல் நண்பர் வந்து பார்ப்பதானால் என் தொலைபேசி எண்ணை அவருக்கு மட்டும் கொடுங்கள். பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம், அந்தப் பழைய பட்டறைக்காரரை ஈசூன் காப்பிக்கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயின்ட் ஃபோர்மேன் ஒருவர்,
ஈசூன்